பூட்ஸ்காரர் கம்பாக நின்ற பாடு

பிள்ளைகளே, பழவேற்காடு ஏரியில் எத்தனையோ வீம்புக்காரர்களைப் பார்த்துவிட்டேன். எங்கள் பசியாவரம் பூட்ஸ்காரருக்கு ஈடான பிடிவாதத் தலை ஏரி மீன்களில்கூடக் கிடையாது.

மீஞ்சூரில் ஏதோ கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, கணுக்காலை மூடும் குட்டை பூட்ஸோடு ஊர் திரும்பினார். காலில் கெளுத்தி முள் ஏறாதாம்! முள் ஏறவில்லைதான், நண்டு உள்ளே இறங்கிவிட்டது. அவர் குதித்த குதியில் கரையில் காய்ந்த கருவாடெல்லாம் மண்ணாயிற்று. அப்போதும் கழற்றவில்லை.

நல்ல மீன் விழும் இடத்துக்கு நாங்கள் முறை வைத்துத்தான் போவோம். அதற்குப் பாடு என்று பெயர். முறையைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை அடுப்பு தூங்கும். எங்கள் பாடு வந்த காலையில் பூட்ஸ்காரர் பூட்ஸோடு படகில் ஏறக் காலைத் தூக்கினார்.

படகுக்கார அண்ணன் கத்தினார்: "யோவ், படகு நமக்கு சாமி. கயட்டிட்டு ஏறு!"

"கயட்ட மாட்டேன்ணே. நடந்தே வரேன்."

"எருமைகூட கூப்ட்டா கரையேறும். நீ இன்னாய்யா?"

மார்பளவு தண்ணீரில், படகைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார் அந்தப் புத்திசாலி. மீன் விழும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வலையின் ஒரு முனையைக் கட்ட, சேற்றில் கம்பை ஊன்றினோம். படாரென்று முறிந்தது. வேறு கம்பு இல்லை. திரும்பிப் போனால் பாடு போச்சு.

அப்போது பூட்ஸ்காரர் அலறினார்: "அண்ணே, பூட்ஸு சேத்துல மாட்டிக்கிச்சு! கால் வரல!"

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். வலைக் கயிற்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டினார். "அசையாத நைனா. இன்னிக்கு நீதான் கம்பு."

வலை சுற்றி வரும்வரை, வெயில் ஏற ஏற, அந்த மனிதர் அசையவே இல்லை. கூடை கூடையாக இறால். பிறகு நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

"இப்பயாச்சும் ஏறுய்யா, வெறுங்காலு!" என்று சிரித்தோம். ஏறினார். இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உரித்த இறால் போல வெளுத்துக் கிடந்த தன் பாதங்களையே தடவிக்கொண்டு வந்தார்.

வீம்புதான், வேறென்ன? ஆனாலும் மீஞ்சூருக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு செருப்புக் கடையிலும் நின்று, அவர் காலுக்கு அதே மாதிரி குட்டை பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.