சிறுநீரகத்துக்கு எட்டுக் கிலோ

கத்தி முனை பட்டதுமே பழுத்த தர்பூசணி தானாகப் பிளந்துகொள்ளும். அந்தச் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோலத் தொடங்கி ஒரு பெருமூச்சுபோல முடியும். நான் சிறுமியாக இருந்தபோது, உச்சி வெயிலில், கீவா நகருக்குப் போகும் சாலையோரத்து முற்றங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அது கேட்கும். யாரும் எதற்காகவும் சாப்பிடவில்லை. தாகம் எடுத்தது, பழம் இருந்தது, கூடக் கடித்துக்கொள்ள ரொட்டியும் இருந்தது. எங்கள் மாவட்டம் வெகுகாலம் இப்படித்தான் அறியாமையில் மூழ்கிக் கிடந்தது.

அந்த அறியாமையைப் போக்கியவர் மாவட்டச் சுகாதார அதிகாரி மத்யாகூபவ். தாஷ்கண்டில் நடந்த ஒரு கருத்தரங்கில் தர்பூசணியைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராம். மிச்சத்தில் இதயத்துக்கு லைகோபீன், இரத்த அழுத்தத்துக்குப் பொட்டாசியம், இரத்தக் குழாய்களுக்குச் சிட்ருலின், கண்ணுக்கும் தோலுக்கும் வைட்டமின்கள். போதாததற்குச் சிறுநீரகத்தையும் கழுவிவிடுமாம். ரயிலில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. இவ்வளவு மருந்து, கேட்பாரில்லாமல் சாலையோரத்தில் குவிந்து கிடக்கிறதே என்ற கவலை.

மறுநாள் காலை அவருடைய கார் அதாஜானின் தர்பூசணிக் குவியல் முன்னால் நின்றது. அதாஜான் எங்கள் தெருக்காரன். வரும் இலையுதிர்காலத்தில் கல்யாணம் என்று அவனுக்கும் இந்திஸோருக்கும் நிச்சயமாகியிருந்தது. நான் பழம் வாங்கப் போயிருந்தேன். அவன் ஒன்றைத் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணின?" என்றார் மத்யாகூபவ்.

"தட்டிப் பாத்தேங்க."

"அதுக்குப் பேரு பரிசோதனை. டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லீங்க. தோட்டத்துலதான் படிச்சேன்." அவன் பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுத்து, சிவப்பைக் காட்டினான். "நீங்களே பாருங்க ஐயா."

"அறுவை சிகிச்சை வேற," என்றார் அவர், என்னைப் பார்த்து. நான் சாட்சியாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. பொதுநலன் கருதி மேற்படி கனி இன்று முதல் மருந்தாகக் கருதப்படும். விற்பவர் வெள்ளை அங்கி அணிய வேண்டும். மருத்துவரின் சீட்டு இல்லாதவருக்கு விற்கலாகாது. ஆரோக்கியமானவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவ அறத்துக்கு விரோதமானது என்பதால், அவர்களுக்கு அறவே கிடையாது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எனவே நாங்கள் நோயாளிகளாவதற்குக் கிளம்பினோம்.

மருத்துவமனையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா ஷூக்கூர்ஜான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு என்ன வியாதி அக்கா?"

"என்னென்ன இருக்கு?"

"மூட்டுவலிக்கு வாரம் ரெண்டு கிலோ. இதயத்துக்கு நாலு. சிறுநீரகத்துக்கு எட்டு."

நான் தனியாள். இதயத்தை எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அது எனக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

எனக்குப் பின்னால் நின்றவர் இந்திஸோரின் அப்பா ரூஸ்மத். "எட்டுக்கு மேல ஒண்ணும் கிடையாதாம்மா?" என்று கேட்டார்.

"அதுக்கு மேல போனா பழம் உதவாதுங்க."

"அப்ப சிறுநீரகமே இருக்கட்டும். வீட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அதையே எழுதிருங்க."

அதாஜானும் அதைத்தான் வாங்கினான். சீட்டு இல்லாமல் சொந்தக் குவியலில் ஒரு துண்டைக்கூட அவனால் வாயில் வைக்க முடியவில்லை. வெள்ளை அங்கி அவனுக்கு எடுப்பாக இருப்பதாக இந்திஸோர் சொன்னாளாம். அதை என்னிடம் பலமுறை சொன்னான்.

கோடை முடிவதற்குள் எங்கள் மாவட்டத்தில் நல்ல சிறுநீரகமே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் பருத்தி வெடித்தது. வருஷா வருஷம் ஆசிரியர், குமாஸ்தா, தபால்காரர் என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றிப் பருத்தி எடுக்க அனுப்புவார்கள். இந்த முறை, சீட்டுள்ள நோயாளிகள் வயலில் குனியலாகாது என்று மருத்துவமனை அறிவித்தது. தர்பூசணியின் நன்மைகள் எங்களுக்கு அதுவரை இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

அதே வாரம் ரூஸ்மத் கல்யாணத்தை நிறுத்தினார். அதாஜான் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

"சிறுநீரகம் கெட்டவனுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்கிறது?"

"உங்ககிட்டயும் அதே சீட்டுதானே மாமா இருக்கு?"

"நான் யார்கிட்டயும் பொண்ணு கேக்கலியே."

"அது பொய்ச் சீட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ரூஸ்மத் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு. பருத்தி முடியட்டும். அப்புறம் பொய்யின்னு வச்சுக்கலாம்."

"கல்யாணம் அடுத்த மாசம் மாமா."

"பருத்தியும் அடுத்த மாசந்தான் மாப்ளே."

சீட்டு பொய் என்று மருத்துவமனையில் வந்து சொல்ல ஒரே ஒரு ஆள் கேட்டு, அதாஜான் வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்கள். சிலர் அவன் போன பிறகும் கையை எடுக்கவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு மார்பில்.

கடைசியில் மத்யாகூபவிடமே போனான். நானும் கூடப் போனேன்.

"ஐயா, எனக்குக் குணமாயிருச்சு."

"அப்படியா? எதனால?"

"உங்க மருந்தாலதாங்க."

அவர் முகம் மலர்ந்தது. 'பூரண ஆரோக்கியம்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆரோக்கியமானவங்கள ஏத்திட்டுப் போகத்தான் வெளியில வண்டி நிக்குது."

அந்தப் பெரிய பேருந்தில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் வெள்ளை அங்கியை மடித்து வைத்திருந்தான். இந்திஸோர் ஓடி வந்து ஜன்னல் வழியாக ரொட்டி மூட்டையைக் கொடுத்தாள். "கல்யாணத்துக்குள்ள வந்துருவேன்," என்றான்.

மாவட்டத்தின் இலக்கு குறைக்கப்படவில்லை. எடுப்பதற்கு அவன் மட்டும்தான் இருந்தான். எனவே அவனைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

பருத்தி வராததைக் கண்டு தலைநகரிலிருந்து ஒரு குழு வந்தது. இத்தனை பேருக்கும் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று தீர ஆராய்ந்தது. நோயாளிகள் அனைவருக்கும் பொதுவான ஒரே பழக்கம் தர்பூசணி உண்பது. ஆகவே மேற்படி கனியே காரணம் எனத் தீர்மானிக்கப்பட்டுத் தடை விதிக்கப்பட்டது. அதாஜானின் குவியல் மேல் புல்டோசர் ஏறியது. இத்தனை பழங்கள் ஒரே நேரத்தில் பிளக்கும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நோயை இவ்வளவு விரைவில் கண்டுபிடித்ததற்காக மத்யாகூபவுக்குப் பதக்கம் கிடைத்தது.

அதாஜான் பனி விழுந்த பிறகுதான் திரும்பினான். அத்தனை நாளும் வயலில் ஈரத் தரையில் படுத்து, வாய்க்கால் தண்ணீரைக் குடித்தவன், இடுப்பில் கை வைத்தபடி பேருந்திலிருந்து இறங்கினான். ஷூக்கூர்ஜான் இந்த முறை அவனை நிமிர்ந்து பார்த்தார். படுக்க வைத்துச் சோதித்தார்.

"சிறுநீரகந்தான்," என்றார். "நல்லாத் தண்ணி குடிக்கணும். முன்னன்னா தர்பூசணி எழுதிக் குடுத்திருப்பேன்."

வசந்தத்தில், நவ்ரூஸ் பண்டிகை முடிந்ததும், இந்திஸோர் நுகுஸ் நகரில் ஒரு பல் மருத்துவரை மணந்துகொண்டாள்.