இதர மூவாயிரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையில் இங்கே எல்லோரும் சுகம், ஏசி நீங்கலாக. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், வெயிலுக்குக் குளிரும் பனிக்குச் சூடும் தருகிற நம் ஏசி, இப்போது குளிர் கேட்டால் சூட்டை ஊதுகிறது. நாளை மறுநாள் என் மகள் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அறைக்குத்தான் வருகிறாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உள்ளே வால்வு ஒன்று சிக்கிக்கொண்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்: வால்வு ஆறாயிரம், கேஸ் ஐயாயிரம், கூலி நாலாயிரம், இதர மூவாயிரம். "கெட்டது வால்வுதானே, கேஸ் எதுக்குப்பா?"ன்னேன். "வால்வைக் கழட்டினா பழைய கேஸ் போயிடும்மா"ன்னார். "ஒரு பாத்திரத்துல பிடிச்சு வச்சுத் திரும்ப ஊத்தக் கூடாதா?"ன்னேன். மனுஷன் ஏணியிலேயே உட்கார்ந்துட்டார். அது போகட்டும், இந்த 'இதர' என்ன? இத்தனை வருஷக் கணக்கில் நான் 'இதர' என்று எழுதியதெல்லாம் உன் அத்தானுக்குத் தெரியாமல் செய்த செலவுதான். அந்த வார்த்தையை நான் நம்புவேனா?

இன்னொருத்தரைக் கூப்பிட்டேன். சீட்டைப் பார்த்ததுமே, "அந்தாளு உங்களை நல்லா ஏமாத்தறான்மா"ன்னு துடிச்சுப் போயிட்டார். துடிச்சு முடிச்சு இருபத்திரண்டாயிரம் கேட்டார். உன் அத்தானோ, "சீக்கிரம் ஒரு முடிவு சொல்லு, இல்லன்னா புதுசே வாங்கிடறேன்"னு பேப்பருக்குள்ள இருந்தே மிரட்டறார். கடைசியில் 'நியாயம்', 'அநியாயம்' என்று இரண்டு துண்டுச் சீட்டு எழுதி, சாமி படத்துக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடி எடுத்தேன். அநியாயம். சந்தேகத்துக்கு மறுபடி எடுத்தேன். அநியாயம். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் பிரிச்சுப் பார்த்தா ரெண்டுலயும் அதையேதான் எழுதியிருக்கேன். ஆண்டவன் பாவம், என்னதான் செய்வார்?

தொழிற்சாலையில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்பவன் நீ. பதினெட்டாயிரம் நியாயமா என்று உடனே எழுது. உன் பதில் வரும்வரை அந்த மெக்கானிக்கை வாசல்படி ஏற விடமாட்டேன். உன் வீட்டில் எல்லாம் குறைவில்லாமல் இருக்கட்டும், ரிப்பேர் செலவு மட்டும் குறைவாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே மகள் வந்து இறங்கிவிட்டாள். இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்களாம். வேர்வையில் நனைந்து குழந்தை வீல் வீலென்று கத்தியது. மெக்கானிக்கை நானே போன் போட்டுக் கெஞ்சி வரவழைத்தேன். இப்போது அறை ஜில்லென்று இருக்கிறது, குழந்தை தூங்குகிறது. பதினெட்டாயிரத்துக்கு மேல் ஐந்நூறு நானாகவே கொடுத்தேன். நியாயமான தொகை என்னவென்று உனக்குத் தெரிந்தால், தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதே.