அமுக்கு மாமாவும் என் வலது காலும்

கடலூரில் ஓடும் அத்தனை வாகனங்களையும் பின்பக்கமாக மட்டுமே அறிந்திருந்த ஒரே மனிதர் அமுக்கு மாமா. ஒரு வண்டியின் முன்னால் என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. என்ன கம்பெனி, என்ன விலை, உள்ளே உட்கார்ந்திருப்பது கலெக்டரா கறிக்கடைக்காரரா, எதுவும் அவருக்கு வேண்டாம். பிரேக் போட்டால் பின்னால் இரண்டு சிவப்பும் எரிகிறதா? எரிந்தால் நல்ல குடும்பம். ஒன்று மட்டும் எரிந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் புதுப்பாளையம் தெருவுக்கு அவர் அமுக்கு மாமா. எந்தக் கார் வந்து நின்றாலும் அதன் பின்னால் போய், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, “அமுக்கு” என்பார். வண்டிக்காரர் பிரேக்கை அமுக்க வேண்டும். “விடு” என்பார். விட வேண்டும். தீபாராதனை பார்த்தவர் போல முகம் கனிந்து, “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யார் நீங்கள் என்று கேட்க வாயெடுத்தவர்கள்கூட அமுக்கிவிட்டுத்தான் கேட்டார்கள்.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஏன் மாமா கற்றுக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“ஓட்டுறவனுக்கு அவன் பிரேக் லைட்டு கண்ணுக்குத் தெரியுமா மாப்ள?”

“தெரியாது.”

“அப்புறம் நான் எதுக்கு அங்க போயி உக்காரணும்?”

அலமாரி நிறையத் தத்துவப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். எதிலும் இதற்குப் பதில் இல்லை.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளைகள் ஜாஸ்தி, இடம் கம்மி. தெருக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு மாமாவும் எங்களோடு வந்தார். சற்று நேரத்தில் அங்கே ஒரு மாப்பிள்ளையைக் காணவில்லை. எங்கள் மாப்பிள்ளை இல்லை, வேறு யாருடையதோ. அவருடைய அம்மா கூட்டத்தில் அலைந்து தேடி, கடைசியில் கார்கள் நிற்கும் இடத்தில் கண்டுபிடித்தார். பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகை சகிதம் மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இங்க என்னடா பண்ற?”

“அமுக்கிட்டு இருக்கேம்மா. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரு. பெரியவரு சொன்னாரு.”

பெரியவர் காருக்குப் பின்னாலிருந்து நிதானமாக வெளிப்பட்டார். “ரைட் சைடு போயிடுச்சும்மா. தாலி கட்டிட்டு வந்து மாத்திடச் சொல்லுங்க. இந்நேரம் வரைக்கும் தம்பி ஒண்டி ஆளு. திரும்பிப் போறப்ப ரெண்டு பேராச்சே.”

அந்த அம்மா அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். என்னவோ, திட்டவில்லை.

தெருவில் வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான் என்பது பொதுத் தீர்மானம். எழுதுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஆகவே பிரேக் அமுக்க ஆள் தேவைப்பட்டால் மாமா என்னைத்தான் தேடி வருவார். வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி அமுக்கினால் சுவரில் சிவப்பு தெரியும், தனியாளே பார்த்துக்கொள்ளலாம். இதையும் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

“அப்ப என்னை எதுக்கு மாமா கூப்புடுறீங்க?”

“செவுரு பேசாது மாப்ள.”

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்தில் என் வீட்டு கேட்டருகே நின்றார். கையில் பழைய மிட்டாய் டப்பா. அதில்தான் பல்ப்புகளைப் பஞ்சு சுற்றிப் படுக்க வைத்திருப்பார்.

“மாப்ள, கால் சும்மாதான இருக்கு?”

அவருடைய மனைவி சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தார். தெருவுக்கு அவர் லைப்ரரி அக்கா. மாமாவின் மனைவி எப்படி அக்கா ஆவார் என்று முறை தெரிந்தவர்கள் கேட்கலாம். எங்கள் தெரு கேட்கவில்லை. தினமும் விடிந்தும் விடியாமலும் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போவார்.

“அக்கா வண்டில லெஃப்ட் சைடு போயிடுச்சு. மெக்கானிக்கு இன்னிக்கு லீவு. காலைல அவ கெளம்பணும்.”

“ஒரு நாள் பஸ்ல போகட்டுமே.”

“சொன்னேன். ஒரு பல்ப்புக்காக நான் பஸ்ல தொங்கணுமாங்குறா. அவ போயிடுவா மாப்ள. அந்தப் பனில, பின்னால வர்ற லாரிக்காரனுக்கு இவ போறாளா நிக்கிறாளான்னு...”

மாமா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றுதான். எழுந்து போனேன்.

டிக்கியைத் திறந்து, உள்ளே ஏறி, தொட்டில் பிள்ளை மாதிரி உடம்பை மடக்கி, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பல்ப்பை உள்ளே அமுக்கி, லேசாகத் திருப்பி, இழுத்தார். அதையும் அமுக்கித்தான் கழற்ற வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. புதியதை மாட்டிவிட்டு இறங்கிப் பின்னால் நின்றார்.

“அமுக்கு.”

அமுக்கினேன். இடது பக்கம் இருட்டு. மறுபடி ஏறினார், வேறு பல்ப் மாட்டினார், இறங்கினார். மறுபடி இருட்டு.

முன்னால் நான் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று ஜன்னல் வழியாக வந்து போனது. பின்னாலிருந்து அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று அந்தக் குரல், தூரத்தில் யாரோ துடுப்புப் போடுவது போல. மெல்ல எனக்கு ஓர் எண்ணம் வந்தது. இந்த ஊரே ஒரு சரிவில்தான் நிற்கிறது. பிடித்து நிறுத்தியிருப்பது என் வலது கால். நான் காலை எடுத்தால் தெருவும், முருங்கை மரங்களும், கொடியில் காயும் வேட்டிகளும், மணிக்கூண்டும், எல்லாம் சத்தமில்லாமல் உருண்டு கடலுக்குள் போய்விடும். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பான பதவி அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

“அமுக்கலியே நீ.”

“இதுக்கு மேல அமுக்குனா கால் ரோட்டுக்கு வந்துடும் மாமா.”

டப்பாவில் பஞ்சுதான் மிச்சம். மாமா டிக்கிக்குள் உட்கார்ந்தபடி, “அப்ப வொயருதான் போயிடுச்சு” என்றார். குரலில் உயிர் இல்லை. “வொயருல எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள.”

லைப்ரரி அக்கா காபி கொண்டு வந்தார். காருக்குப் பின்னால் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏங்க, நீங்க தெருவப் பாத்து உக்காந்திருக்கீங்க.”

“ஆமா. அதுக்கென்ன?”

“அப்ப உங்க லெஃப்ட்டு, வண்டிக்கு ரைட்டு. நல்லா எரியுற பல்ப்பையே மாத்தி மாத்தி மாட்டிட்டு இருக்கீங்க.”

மாமா தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் வண்டிகளை வெளியே நின்றே பார்த்தவர். உள்ளே உட்கார்ந்து பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் சிரிப்பை அடக்க ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தேன். ஹாரன் அடித்தது.

“நீ என்ன தம்பி பண்ணிட்டு இருந்த?”

“அமுக்கிட்டு இருந்தேங்க்கா.”

“முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தரு. நடுவுல வண்டிதான் பாவம்.”

காபி ஆறுவதற்குள் இடது பக்கமும் எரிந்தது. மாமா “சரி” என்று சொல்லவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் மரத்துப்போகும்வரை நானும் விடவில்லை.

மறுநாள் காலை பால் வாங்க வெளியே வந்தேன். பனியில் எதிர்வீடே இல்லை. அக்காவின் கார் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா தன் வீட்டு கேட்டருகே மப்ளரோடு நின்றிருந்தார். தெருமுனையில், அந்த வெள்ளைக்குள், இரண்டு சிவப்பு பூத்தது. அணைந்தது. மறுபடி பூத்தது. அங்கே குறுக்கே வண்டி இல்லை, மாடு இல்லை, நாய்கூட இல்லை. மாமா கையைப் பாதி உயர்த்தி, “சரி” என்றார், யாருக்கும் கேட்காமல். பிறகு உள்ளே போனார். தினமும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த மார்கழிக்குள் அவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கே குடி போய்விட்டார்கள். “அந்த ரோடும் பனியும் எனக்கு ஒத்து வரல மாப்ள” என்றார் மாமா, என்னவோ தினமும் ஓட்டிப் போனவர் அவர்தான் என்பது போல. இப்போது அக்கா நூலகத்துக்கு நடந்தே போகிறார்.

போன வாரம் என் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தேர் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. மாமா கொஞ்சம் மெலிந்திருந்தார். ஊர் எப்படி என்று கேட்டேன்.

“எல்லாம் சரிதான். ஆனா தேரு வந்துது பாரு, அம்மாம் பெரிய வண்டி. பின்னால ஒரு செவப்பு லைட்டு கெடையாது. கட்டையப் போட்டுத்தான் நிறுத்துறாங்க.”

“யாருகிட்டயும் சொல்லிடலியே மாமா?”

“சொல்லிட்டாரு தம்பி” என்றார் அக்கா உள்ளிருந்து.

சாயங்காலம் கிளம்பினேன். மாமா வாசல் வரை வந்தார். சந்து முனையில் குறுக்கே யாரும் இல்லை. இருந்தும் என் கால் தானாக பிரேக்கில் பதிந்தது. விட்டேன். மறுபடி பதிந்தது. கண்ணாடியில், மங்கிய வெளிச்சத்தில், ஒரு கை பாதி உயர்ந்தது.

பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டுவதற்குள் போன் வந்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

“மாப்ள, லெஃப்ட் சைடு கொஞ்சம் டல்லா இருக்கு. ஞாயித்துக்கிழம வந்தா மாத்திடலாம். டப்பா இங்கதான் இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் காம்பவுண்டு சுவரை ஒட்டி நிறுத்தி, அமுக்கிப் பார்த்தேன். சுவரில் இரண்டு சிவப்பு நிலாக்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பல்ப் மாற்றிக்கொள்ளச் சிதம்பரம் போகிறேன்.