இரண்டு அலைவரிசையும் வாங்கிய சிறுத்தை

பாதி புல்வெளியும் பாதி பாறையுமாக ஒரு காடு இருந்தது. புல்வெளியில் மான்கள் மேய்ந்தன. பாறைக் குகையில் முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. சிறுத்தை வந்தால் மான்கள் குகைக்கு ஓடும். முள்ளம்பன்றிகள் வாசல் கல்லை உள்ளிருந்து உருட்டித் திறக்கும். இதுதான் ஏற்பாடு. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. போன மாதம் மட்டும் மூன்று மான்கள் மூடிய கல்லுக்கு முன்னால் நின்று உயிரை விட்டன.

ஆகவே வாக்கி டாக்கி வாங்குவதென்று காட்டுச் சபை முடிவு செய்தது.

"வி.எச்.எஃப். வகை வாங்குங்க. அதோட அலை நீளம். வெட்டவெளியில ரொம்ப தூரம் கேட்கும்," என்றது குழலி என்ற மான். அதற்குப் பிறந்து பத்தே நாளான குட்டி இருந்தது.

"கேட்கும் தாயி, குகை வாசல் வரைக்கும்," என்றது கடம்பன் என்ற முள்ளம்பன்றி. "நான் என்ன, வெளியே வந்து காதை நீட்டிக்கிட்டு உட்காரணுமா? யு.எச்.எஃப். அலை குட்டை. இண்டு இடுக்குல எல்லாம் புகுந்து வரும்."

இருவரும் சொன்னது சரிதான். அதனால் விவாதம் மூன்று நாள் நீண்டது.

கடைசியில் சபைத் தலைவர் உடும்பார் யார் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொன்னார்: "மான்களுக்கு வி.எச்.எஃப். முள்ளம்பன்றிகளுக்கு யு.எச்.எஃப்."

ஒரே ஆரவாரம். சோதனையும் நடந்தது. மான் மானோடு பேசியது. முள்ளம்பன்றி முள்ளம்பன்றியோடு பேசியது. "பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு!" என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன.

ஒரு வகைக் கருவி மற்ற வகையோடு பேசாது என்பதைச் சிறுத்தை மட்டும்தான் யோசித்தது. அது இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கியது.

மறுநாள் சிறுத்தை புல்வெளிக்கு வந்தது. குழலி குட்டியோடு ஓடிக்கொண்டே, "கல்லைத் திறங்க! கல்லைத் திறங்க!" என்று கத்தியது. குகையில் கடம்பனின் கருவி, கிழங்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கல் அசையவில்லை.

பின்னாலேயே வந்த சிறுத்தை நிதானமாக உட்கார்ந்து, தன்னிடமிருந்த யு.எச்.எஃப். கருவியை எடுத்தது. "கடம்பா, வெளியே மான் நிக்குது. திற."

கல் உருண்டது. குழலியும் குட்டியும் உள்ளே பாய்ந்தன.

"எங்களை ஏன் காப்பாத்தினே?" என்று கேட்டது குழலி.

"இரண்டு பக்கத்துக்கும் பேச ஒரு ஆள் வேண்டாமா அம்மா?" என்றது சிறுத்தை.

சபை நெகிழ்ந்துபோய், அதைத் தொடர்பு அலுவலராக நியமித்தது.

ஒரு வாரத்தில் ஐந்து மான்கள் காணாமல் போயின. எல்லோருக்கும் ஒரே வகைக் கருவி வேண்டும் என்று குழலி புகார் கொடுக்க விரும்பியது. புகார்களைத் தொடர்பு அலுவலர் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்பது விதி.

"சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்," என்றது சிறுத்தை. "படிவத்துல முதல் கட்டம், இப்போ நீங்களும் குட்டியும் இருக்கிற இடம்."

குழலி சற்றுத் தயங்கியது. ஆனால் படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட அதற்கு மனம் வரவில்லை.

நீதி: எந்த அலைவரிசை நல்லது என்று நமக்குள் சண்டை எதற்கு? பசியோடு இருப்பவரைக் கேளுங்கள். அவர் இரண்டையும் கவனமாகக் கேட்டிருப்பார்.