ஆறு கோட்டுக்குள் ஒரு கத்தி

“அதே கேள்வியை இன்னொரு தடவை கேக்கணும்,” என்றேன்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மாடிப்படி ஏறும்போதே அம்மா என் கையைக் கிள்ளியிருந்தாள். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் ஆரூட நூலுக்குக் கோபம் வருமாம். மூவாயிரம் வருஷமாகியும் கோபம் தணியவில்லை.

ஆன்யாங் நகரமே இப்போது ஷாங்குவான் ஆசானின் மாடியில்தான் நிற்கிறது. மிளகு சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருகிறார்கள். கடன், கல்யாணம், காணாமல்போன நாய், எதுவானாலும் மூன்று செப்புக் காசைக் குலுக்கி ஆறு கோடு போடுவார். அந்தக் கோடுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அவற்றின் நடுவே ஒளிந்திருக்கும் இன்னோர் உருவம் ஆசான் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கட்டணம் அதற்குத்தான்.

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி. இந்த வாரமே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். நேற்று ஆசான் கோடு போட்டார். வெளியே சகுனம் நல்லதுதான், உள்ளே கத்தி ஒளிந்திருக்கிறது, ஆபரேஷனை ஒரு வருஷம் தள்ளிப்போடு, அதுவரை பச்சைக்கல் கட்டிக்கொள் என்றார். பச்சைக்கல்லும் அவரிடமே விற்பனைக்கு இருந்தது, அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்ன பொருத்தம்!

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது குடும்பத்தின் ஏகமனதான முடிவு.

ஆசான் சிரித்தார். “ஏம்மா, ஒரே கேள்வி ரெண்டு தடவை ஆகாது.”

“சரி, வேற கேள்வி. ஆனா வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். நூலுக்குத் தெரியும்ல?”

மறுக்க வழியில்லை. மனசுக்குள் கேட்பதே பழைய முறை என்று அவரே சுவரில் எழுதி மாட்டியிருந்தார். வரிசையில் அடுத்து நின்ற பன் கடை ஷூ அக்காவின் காதில் மட்டும் கேள்வியைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

காசுகள் உருண்டன. ஆசான் கோடுகளைப் பார்க்கவேயில்லை. அம்மாவின் கழுத்தைத்தான் பார்த்தார்.

“அதே விஷயந்தான். உள்ளே கத்தி. ஒரு வருஷம் தள்ளிப்போடணும்.”

“அக்கா, நான் கேட்டதைச் சொல்லுங்க.”

“மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடலாமான்னு கேட்டா.”

மாடி முழுக்க ஆசானைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர் பரவசத்தோடு சொன்னார்: “கத்தியால சீவிப் போடுற நூடுல்ஸா இருக்கும்.” தலைகள் ஆடின. ஆசானும் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார். இவர்கள் மூளை வேலை செய்யும்தான், ஆசானுக்காக மட்டும், அதுவும் சம்பளமில்லாமல்.

“அப்போ ஒரு வருஷம் நான் மத்தியானம் பட்டினி கெடக்கணுமா, ஆசானே?”

முதலில் சிரித்தது ஷூ அக்கா. அப்புறம் அந்தக் கிழவரே சிரித்துவிட்டார். ஆசான் தேநீர்க் கோப்பைக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினார்.

அம்மா மெல்லக் கேட்டாள்: “இப்போ நான் என்னடி பண்றது?”

“டாக்டர் உன் கட்டியைத் தொட்டுப் பார்த்தாரும்மா. இவர் காசை மட்டுந்தான் தொட்டாரு.”

அம்மா பச்சைக்கல்லைக் கழற்றி மேசையில் வைத்தாள். வியாழக்கிழமைக்குப் படுக்கை வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் காலையிலேயே நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னபடியே வெளியேறினேன். படி நெடுக ஜனம், ஒவ்வொருவரும் தன் கேள்வியைப் பக்கத்திலிருப்பவரிடம் முணுமுணுத்துக்கொண்டு.

“கேள்வியை யாரும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க,” என்றேன். “அவரே கண்டுபிடிக்கட்டும்.”