சேர்மன் கொடுத்த கைவியளம்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் ஆட்கள் திறக்காத கடை கிடையாது. புடவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டிக் கடை, பப்பியே என்கிற விசாப் பத்திரங்களை நிரப்பிக் கொடுக்கிற கந்தோர் என்று எல்லாம் திறந்து, பாதியை மூடியும் விட்டார்கள். ஆனால் ரூ பிலிப்-து-ஜிராரில், கருவாட்டு வாசம் ஏறி வருகிற ஒரு மாடி அறையில் குந்தியிருந்து சீன தேசத்தை ஆள முயன்ற தமிழர் ஒருவர்தான். அவரைச் சேர்மன் என்போம்.

உண்மைப் பெயரை அவருடைய அடையாள அட்டையில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பெண்சாதியே கந்தோருக்குப் போன் எடுத்து, "சேர்மன் சாப்பிட்டிட்டாரோ?" என்றுதான் கேட்பார். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரிலிருந்து ஆர்.ஈ.ஆர். ரயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வருவார். கையில் தோல் பெட்டி. அதற்குள்ளே குழும ஆவணங்கள் இருப்பதாக ரயிலில் எல்லோரும் நினைப்பார்கள். புட்டும் சம்பலும் இருக்கும்.

நான் அவருடைய செக்ரட்டரி. மொழிபெயர்ப்பாளரும் நான், தேத்தண்ணி போடுபவளும் நான், பல மாதங்களில் சம்பளம் கிடைக்காதவளும் நான்தான். கந்தோரில் இருந்த ஒரேயொரு மணிக்கூடு சீன நேரம் காட்டும். காலையில் மூச்சு வாங்கப் படியேறி வந்தால், "என்ன பிள்ளை, பின்னேரமாப் போச்சு, இப்பதான் வாறீர்?" என்பார். மத்தியானம் பசிக்கிறது என்றால், "இப்ப என்ன சாப்பாடு? அங்கை ராச்சாப்பாடும் முடிஞ்சுது" என்பார். அந்த மணிக்கூட்டைக் கழற்றி ஜன்னலால் எறிய நான் நினைக்காத நாளே இல்லை.

கம்பெனி என்ன செய்தது என்று கேட்பீர்கள். பாரிஸில் இருந்த கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை. சீனாவில் இருந்த இரண்டு கம்பெனிகளைச் சொந்தமாக வைத்திருந்தது, அவ்வளவுதான். ஒன்று இடியப்ப உரல் செய்தது. மற்றது பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் செய்தது. "தாய் இஞ்சை, பிள்ளையள் அங்கை" என்று சேர்மன் விளக்குவார். வங்கிக்காரருக்கும் அதைத்தான் சொன்னார், தலைமயிர் வெட்டுகிறவருக்கும் அதைத்தான் சொன்னார்.

இதெல்லாம் ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் தொடங்கியது. லா சப்பலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத காலம். தெரிந்தவர்களைக் கண்டால், "ஆக்கள் எல்லாரும் இருக்கினமோ?" என்று கேட்கப் பயந்து மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவோம். அந்த நேரத்தில்தான் அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் கடையை விற்றார். கார்ஜில் வாங்கிய வீட்டையும் விற்று, அதே ஊரில் வாடகைக்கு இருந்தார். விசர் பிடித்துவிட்டது என்று சனம் பேசிக்கொண்டது. நானும் பேசினேன்.

"எல்லாம் போச்சுது பிள்ளை. தோத்த சனத்துக்கு ஒரு தொழிற்சாலை எண்டாலும் வேணும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்தத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை கந்தோர்ச் சுவரில் ஏற்கெனவே தொங்கியது. மஞ்சளில் சிவப்பு எழுத்து: கிளிநொச்சிக் கிளை. சீனாவிலிருந்து லாபம் வரும், அந்த லாபத்தில் மிசின்கள் வன்னிக்குப் போகும், அங்கே புருஷனை இழந்த பெண்கள் உரல் செய்து உலகத்துக்கே அனுப்புவார்கள் என்பது திட்டம். செல்வராணி என்று ஒரு அக்கா அங்கே பெண்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஞாயிறு தவறாமல் போன் வரும்.

"அண்ணை, மிசின் வெளிக்கிட்டுட்டுதோ?"

"கப்பல்லை ஏத்தேக்கை சொல்லுறன் தங்கச்சி. கொட்டில் மட்டும் போட்டு வையுங்கோ."

கொட்டிலும் போட்டுவிட்டார்கள். இங்கே ஒரு மிசினுக்கும் காசு சேரவில்லை.

சீனாவில் திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சித்திரை வருடப்பிறப்பன்றே திறக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லா சப்பலில் வாங்கிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி அவர் பெட்டியில் வைத்திருந்ததை விமான நிலையத்தில் நாய் மோப்பம் பிடித்து, நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

விழாவுக்கு முதல்நாள் அங்குள்ள வக்கீல் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, பெரிய வட்டச் சீல் இரண்டை மேசையில் வைத்தார். ஒரு கம்பெனிக்கு ஒன்று. இந்த நாட்டில் முதலாளியின் கையெழுத்து யாருக்கும் வேண்டாம், இந்தச் சிவப்புச் சீல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் வங்கியும் கேட்கும், அரசாங்கமும் கேட்கும், இவற்றை உங்கள் பெட்டியை விட்டு வெளியே விடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். விளங்காமல் போய்விடுமோ என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

"ஓம் ஓம், விளங்குது. நான் என்ன பாலனோ?" என்றார் சேர்மன்.

அடுத்தநாள் நல்ல நேரத்தில் கைவியளம் தொடங்கியது. வருடப்பிறப்பன்று பெரியவர்கள் வெற்றிலையில் காசு வைத்துச் சின்னவர்களுக்குக் கொடுப்பதை எங்கள் ஊரில் கைவியளம் என்போம். வாங்கியவர் அதைச் செலவழிக்காமல் வைத்திருப்பார். கொடுத்தவர் ஒருநாளும் திருப்பிக் கேட்கமாட்டார். சீனத் தொழிலாளிகள் வரிசையில் வந்து, வெற்றிலையைத் தின்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக வந்தவன் லின். இரண்டு கம்பெனிக்கும் அவன்தான் மனேஜர். மெலிந்த பெடியன், நல்ல பணிவு. சேர்மன் சட்டைப்பையில் கைவிட்டார். காசு முடிந்துவிட்டது.

மூத்த பிள்ளை மாதிரி இருந்தவனுக்கு வெறும் வெற்றிலையைக் கொடுக்கலாமா? ஒரு நிமிஷம் யோசித்தார். பெட்டியைத் திறந்தார். நான் "அண்ணை!" என்று கத்துவதற்குள் இரண்டு சீல்களையும் வெற்றிலையில் வைத்து அவன் கையில் கொடுத்துவிட்டார்.

லின் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தான். அவர்கள் ஊரிலும் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் சிவப்பு உறையில் காசு கொடுப்பார்களாம், அதனால் அவனுக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் கண் கலங்கியது, சேர்மன் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் கலங்கியது. பாழாய்ப்போன கண்.

முதல் வருடம் லாபம் வரவில்லை. புதுத் தொழில்தானே என்றார் சேர்மன். இரண்டாம் வருடம் கணக்கும் வரவில்லை. போன் எடுத்தால் லின் தேனாகப் பேசுவான். "அடுத்த மாதம் சேர்மன், நிச்சயம் சேர்மன்" என்பான். பிறகு போனையும் எடுக்காமல் விட்டான். உரல்கள் மட்டும் உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் சேர்மன் தன் சபையைக் கூட்டினார். சபை என்றால் அவரும் பெண்சாதியும். லின்னை வேலையிலிருந்து நீக்குவதாக ஏகமனதாகத் தீர்மானித்து, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, நான் பதிவுத்தபாலில் அனுப்பினேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது. தங்கள் கடிதம் கண்டோம், அதில் கம்பெனிச் சீல் இல்லாதபடியால் அது செல்லாது என்று வருத்தத்துடன் அறிவிக்கிறோம். கீழே எங்கள் சீல், சிவப்பாக, வடிவாக.

"இவ்வளவுதானே?" என்றார் சேர்மன். "உந்தச் சீல் லா சப்பலிலை பத்து நிமிசத்திலை அடிக்கலாம்."

"அண்ணை, அதுக்குப் பேர் கள்ளச் சீல்."

"என்ரை கம்பெனிக்கு நான் அடிச்சா அது எப்பிடிக் கள்ளச் சீல்?"

சீல் அடிக்கிற கடைக்காரர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கண்ணை?" என்று கேட்டார். கோயில் சீல் என்ற நினைப்பிலேயே செய்தாரோ என்னவோ, நடுவில் இருந்த நட்சத்திரத்துக்கு ஒரு மூலை கூடி, முருகனுடைய அறுகோணம் வந்துவிட்டது. சேர்மனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. சீன வங்கிக்கு அப்படிப் படவில்லை. இனிமேல் எங்களிடமிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் திறக்கமாட்டோம் என்று பதில் எழுதிவிட்டார்கள்.

பிறகு சீன வக்கீலே ஒரு வழி சொன்னார். சீல்களை விழாவுக்காக, அன்றைக்கு மட்டும், லின்னிடம் பிடித்திருக்கக் கொடுத்தேன் என்று சேர்மன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். வழக்குப் போட்டு மீட்டுத் தருவேன் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. அன்றைக்கே தட்டச்சுச் செய்து அவர் முன்னால் வைத்தேன்.

சேர்மன் வாசித்தார். பேனையை எடுத்தார், வைத்தார்.

"இது பொய்யெல்லோ பிள்ளை. நான் பிடிச்சிருக்கக் குடுக்கேல்லை. கைவியளமாக் குடுத்தனான்."

"அண்ணை, உங்களுக்கு விசரோ? கம்பெனி மூழ்குது!"

"கைவியளத்தைத் திருப்பிக் கேக்கிறதோ? எங்கடை ஆக்களிலை ஆரும் கேட்டிருக்கினமோ?"

"அவன் கள்ளன்!"

"கள்ளனெண்டாலும் நான் குடுத்தது குடுத்ததுதானே."

கத்தினேன், அழுதேன், சுவரில் தொங்கிய பலகையைக் காட்டி, செல்வராணி அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டேன். முகத்தைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கையெழுத்து வைக்கவேயில்லை. அன்றைக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

அதன் பிறகு, கடன் கொடுத்திருந்த பாரிஸ் வங்கி வழக்குப் போட்டது. வணிக நீதிமன்றம் எங்கள் கம்பெனியை வங்குரோத்து, அதாவது திவால், என்று அறிவித்து, உள்ளதை விற்று முடிக்க ஒரு மதாமை நியமித்தது. கண்ணாடி போட்ட, சிரிக்காத மதாம்.

"இந்த இரண்டு சீனக் கம்பெனிகளும் முழுக்க உங்களுடையவையா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"உய் மதாம்" என்று பிரெஞ்சிலேயே ஆமோதித்தார் சேர்மன்.

"அவை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா?"

சேர்மன் என்னைப் பார்த்தார். "பிள்ளை, இவவுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேளும்."

இருக்கிறார்கள், இரண்டு பேர், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார் மதாம். "அவை சொன்னதைக் கேக்கினமோ எண்டும் கேளும்" என்றார் சேர்மன். நான் கேட்டேன். மதாம் தாளைத் திருப்பினார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மதாமும் லின்னுக்கு எழுதிப் பார்த்தார். நீதிமன்றத்தின் பெயரால் கணக்குகளை அனுப்பும்படி கேட்டார். கணக்கு வரவில்லை. அன்பளிப்பாக ஓர் இடியப்ப உரல் வந்தது. இது என்ன ஆயுதம் என்று மதாம் கேட்க, சேர்மன் எழுந்து, கோட்டைச் சரிசெய்து, மா இல்லாமலே இடியப்பம் பிழிந்து காட்டினார். தன் வங்குரோத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, தட்டு முழுக்க வட்டம் வட்டமாகக் காற்றைப் பிழிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், அது சிரிப்பு இல்லை.

கந்தோர்ச் சாமான்கள் போயின. மேசை போனது, கதிரை போனது, மணிக்கூட்டையும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். மஞ்சள் பலகையைக் காட்டி, இந்தக் கம்பெனி எங்கே இருக்கிறது என்று மதாம் கேட்டார்.

"அது இன்னும் பிறக்கேல்லை எண்டு சொல்லும் பிள்ளை" என்றார் சேர்மன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராணி அக்காவின் போன் வந்தபோது சேர்மன் என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே காதில் வைத்தார்.

"தங்கச்சி, மிசின் வராது. இனி வராது. பிழை என்னிலைதான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஓம்… ஓம்… மழைக்கு முதல் கொட்டிலைப் பிரிச்சு, கூரைக் கிடுகை ஆளுக்காள் எடுங்கோ" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அவர் நிமிரவில்லை. ஒரு மனுஷன் தோற்றுப்போவதை அவ்வளவு கிட்ட இருந்து பார்க்கக்கூடாது.

பிறகு ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் கழுவினார். ஒருநாள் லா சப்பல் மளிகைக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றபோது, அலுமாரித் தட்டில் புதுசாக வந்த உரல். சேர்மன் மார்க். லின் பெயரைக்கூட மாற்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், பிடியைத் திருகிப் பார்த்தார். "பிடியைத் திருத்திப்போட்டான் பிள்ளை. வடிவாச் செய்யிறான்" என்றார்.

ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் நல்ல நேரம் பார்த்து எனக்கு ஒரு யூரோ நாணயக் குற்றி தருவார். கூடவே ஓர் உறையையும் தருவார். அதற்குள் இன்னொரு குற்றி இருக்கும். லின்னுக்கு. தபாற்கந்தோருக்குப் போகவேண்டியவள் நான்.

"உவனுக்கோ? உங்கடை வாழ்க்கையைத் திண்டவனுக்கோ? நான் போடமாட்டன்!"

"பெத்த பிள்ளை கோவிச்சுக்கொண்டு போனா, வருசத்துக்குக் கைவியளம் குடுக்காமல் விடுறதோ? போம் பிள்ளை, நேரம் கழியப்போகுது."

வழி முழுக்க லின்னைத் திட்டிக்கொண்டே போய்ப் போடுவேன். ஒரு வருடமாவது பதில் வந்தது கிடையாது.

போன மாரியில் சேர்மன் போய்விட்டார். செத்தவீட்டில் கோட்டோடுதான் கிடத்தியிருந்தார்கள். வருடப்பிறப்பு வந்தது. நல்ல நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குசினி அடுப்பருகே நின்றேன். பிறகு ஓர் உறை எடுத்து, ஒரு குற்றி வைத்து ஒட்டினேன். அந்தக் கள்ளனின் விலாசம் எனக்கு மனப்பாடம். அனுப்புபவர் என்ற இடத்தில் சேர்மன் என்று எழுதினேன். அவர் செத்துப்போனார் என்று அவன் ஒருவனுக்கு மட்டும் நான் சொல்லப்போவதில்லை.