கடுகு மஞ்சள் சாம்பிள்

இருபது வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவன் நான். அத்தனை வருடத்தில் முதலாளி ஒரே பார்வையில் ஒப்புக்கொண்ட நிறம் ஒன்றே ஒன்றுதான். அது நான் தொட்டியில் போட்ட சாயமல்ல என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு வலிப்பு உண்டு. எங்கள் ஊர் பிள்ளையார்பாளையத்தில் அது என் மனைவி கோமளாவுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் கொதிக்கிற தொட்டிப் பக்கமே விடமாட்டார். எனக்கோ வேறு வேலை தெரியாது. விழுந்தபோதெல்லாம் 'பித்தம்' என்று சொல்லி வைத்தேன். (ஊரிலேயே பித்தம் அதிகமுள்ள ஆள் நான்தான்.)

மாத்திரை சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொண்டு கடமுடவென்றது. அதனால் யாரையும் கேட்காமல் நான்கு நாள் நிறுத்தினேன். ஐந்தாம் நாள், பட்டறையில் வேறு யாருமில்லாதபோது, தொட்டியருகே விழுந்தேன். சோறு கொண்டுவந்த கோமளா என்னை இழுக்கும்போது அவள் முழங்கை வெந்துபோனது. அக்கம்பக்கத்தில் 'ரசம் கொட்டிக்கொண்டாள்' என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனாத்தூர் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் அவர். "வயித்துல நல்லது செய்யிற கிருமிங்களும் இருக்குது. இந்த மாத்திரை அதுங்களை மாத்துதான்னு பாத்துக்கினு இருக்கோம். இன்னும் முடிவா தெரியல. சாம்பிள் குடுக்கறீங்களா?"

"இன்னா கலர் மேடம்?" என்றேன்.

கோமளா தலை குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா கொடுத்த டப்பாவும், நான் சாயம் போட்ட நூலை அழுக்குப்படாமல் வைக்கும் டப்பாவும் ஒரே அளவு, இரண்டும் உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் பிளாஸ்டிக். முதலாளிக்கு அந்த வாரம் கடுகு மஞ்சளில் சாம்பிள் வேண்டும். இரண்டையும் கொடுக்கவேண்டிய நாள் காலையில் கோமளா இரண்டு கறுப்புப் பைகளை சைக்கிளில் மாட்டினாள். "இது கடைக்கு, இது டாக்டருக்கு" என்றாள். கடைக்குரியதை முதலாளியின் கடையில் கொடுத்தேன்.

முதலாளி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அடடா, இதாம்பா நான் கேட்டது! ஈரம் மட்டும் காயல போல" என்று மூடியைத் திறந்தார்.

பிறகு நடந்ததை எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். என் பெயர், வயது, 'வலிப்பு மாத்திரை, பத்து வருடம்'.

"ஏம்பா, நெசமா?"

அன்று பித்தம் கைகொடுக்கவில்லை. தலையாட்டினேன்.

மறுநாள் என் தொட்டியில் வேறொருவர் நின்றார். என்னைக் கடையில் உட்காரவைத்து, நூலுக்கு நூல் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். உயிரோடு இருக்கும்போதே காரியம் முடித்த மாதிரி இருந்தது. பல நாள் கொல்லைப்புறம் போய் அழுதேன். வயிறு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, கிருமிகளைப் பற்றியும் முடிவான பதில் வரவில்லை. மாத்திரையை மட்டும் விடுவதில்லை.

வீட்டில் யார் மஞ்சள் புடவை எடுத்தாலும் "மூடியைத் திறந்து பாத்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கோமளா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு, "பையை மாத்திக் குடுத்துட்டு உம்முனு இருக்கறியே" என்று சீண்டினேன்.

அவள் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "சீட்டு ஒட்டினதே நான்தாங்க. எது எந்தப் பையில இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"